கடலைக் கடைசியில் காண்போம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் நம் வட்டத்தார் ஓர் ஊருக்கு இலக்கியப் பயணம் செல்வது என்றும், முதற்பயணம் ஒரு கடற்கரை ஊருக்கு அமையவேண்டும் என்றும் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. எந்த ஊர் என்பதையும், அங்கே காண்பன யாவை, செய்வன யாவை என்பதையும் இவ்விழாவில் எடுத்துரைக்குமாறு எனக்குப் பணித்தார்கள். நான் தேர்ந்திருப்பது தரங்கம்பாடி. ஏன் அந்த ஊர், அதை எந்த வரிசையில் காண்பது என்னும் இரண்டையும் சொல்லி அமைகிறேன்.

கடற்கரை ஊருக்குச் செல்லும் கவிஞர் பெரும்பாலும் என்ன செய்கிறோம்? பேருந்திலிருந்து இறங்கியதும் நேரே கடலுக்குப் போகிறோம். மணலில் அமர்கிறோம். அலையைப் பார்க்கிறோம். அலையைப் பற்றி நாம் முன்பே படித்த பாட்டு நினைவுக்கு வருகிறது. அதைப் போலவே இன்னொன்று எழுதிக்கொண்டு திரும்புகிறோம். ஊர் நம் முதுகுப்பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. கன்னியாகுமரியில் எழுதிய பாட்டையும் கடலூரில் எழுதிய பாட்டையும் இடம் மாற்றி வைத்தால் வேறுபாடு தெரிவதில்லை. இஃது ஒருவர் குறையன்று, ஒரு பழக்கம். பழக்கத்தை மாற்றுவதற்கு ஒரு நல்ல வழிகாட்டி வேண்டும். அந்த வழிகாட்டி நம்மிடமே இருக்கிறார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் என்பது அவர் பெயர்.

பட்டினப்பாலை 301 அடிகளால் ஆன பாட்டு. அதன் பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினம் என்னும் கடற்கரை நகரில் காணத்தக்கன இவை, மக்கள் செய்வன இவை என்று அடுக்கிச் சொல்வதுதான். வெள்ளுப்பை விற்று நெல்லை ஏற்றி வந்த படகுகள் கட்டுத்தறியில் நிற்கும் குதிரைகளைப் போல வரிசையாகப் பிணிக்கப்பட்டிருப்பதை அவர் பார்க்கிறார். ஏற்றுமதியும் இறக்குமதியுமான மூடைகளின்மேல் சோழரின் புலி முத்திரை இடப்படுவதைப் பார்க்கிறார். பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல் விளையாடிக் களிப்பதைப் பார்க்கிறார். கடலில் ஆடியவர்கள் உப்புப் போக ஆற்றில் மறுபடி குளிப்பதைக்கூட அவர் விடவில்லை. குதிரை எங்கிருந்து வந்தது, மிளகு எவ்வழி வந்தது, முத்து எந்தக் கடலது, பவளம் எந்தக் கடலது என்று வணிகன் கணக்கெழுதுவதைப் போல எழுதிவைக்கிறார்.

அலையும் நிலவும் அவர் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஊரோடு சேர்ந்தே அவை அவர் பாட்டில் இடம் பெறுகின்றன. இரவின் கடையாமத்தில் உயர்ந்த மாடங்களில் எரியும் விளக்குகளைத் திமிலில் இருக்கும் பரதவர் எண்ணிப் பார்ப்பதாக ஓரிடத்தில் சொல்கிறார். அந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். கரையில் நின்று கடலைப் பார்ப்பது எல்லார்க்கும் எளிது. கடலில் நிற்பவன் கண்ணால் கரையைப் பார்த்தவர் அந்தப் புலவர். இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடைய நெய்தல் மரபில் நாம் மறந்துவிட்ட பார்வை அது என்று எனக்குத் தோன்றுகிறது.

காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், அதே கரையில் தரங்கம்பாடி இருக்கிறது. 2020ஆம் ஆண்டு வரை நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்த ஊர். இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்தது. மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு வழியாகப் பேருந்தில் செல்லலாம்.

முதலில் ஊரின் பெயரைப் பார்ப்போம். தரங்கம் என்றால் அலை. ஆகவே தரங்கம்பாடி என்பது ‘அலைகள் பாடும் ஊர்’ என்று சுற்றுலாச் சிறுநூல்கள் எல்லாம் எழுதுகின்றன. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ் அறிந்த நாம் அதில் ஏமாறலாகாது. ஊர்ப்பெயரின் இறுதியில் வரும் ‘பாடி’ பாடுதல் என்னும் வினையன்று. குடியிருப்பு என்று பொருள்படும் பெயர்ச்சொல். ஆயர்பாடியில் ஆயர் பாடினார்கள் என்றோ, வாணியம்பாடியில் வாணியர் பாடினார்கள் என்றோ நாம் சொல்வதில்லை. அலைக்கரையில் அமைந்த குடியிருப்பு என்பதே இப்பெயர் தரும் நேர்ப்பொருள். அதற்கும் முன்பு, பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்துக் கல்வெட்டில் இவ்வூர் சடங்கன்பாடி என்று வழங்கப்பெறுகிறது. பின்னர் வந்த தேனியர், அதாவது டென்மார்க் நாட்டவர், தம் நாவுக்கு ஏற்றபடி டிராங்கேபார் என்றார்கள்.

அலை பாடும் ஊர் என்னும் விளக்கத்தை நான் வெறுக்கவில்லை. மக்கள் பெயருக்குப் பொருள் கற்பித்துக்கொள்வதும் ஒருவகைக் கவிதையே. ஆனால் கல்லில் இருப்பது எது, நாம் கற்பித்துக்கொண்டது எது என்று கவிஞனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவ்வூர்க் காற்றில் ஓசோன் மிகுந்திருக்கிறது, அது உடலுக்கு நல்லது என்று சொல்வதும் இத்தகையதே. ஓசோன் மூச்சில் கலந்தால் நுரையீரலுக்குத் தீங்கானது. கடற்காற்று நமக்கு இதமாக இருப்பதற்கு அதன் குளிர்ச்சியும் தூய்மையும் போதும். வேறு புகழுரை வேண்டுவதில்லை.

இனி, வரிசை. பகற்பொழுதில் சென்று சேர்ந்து, ஊரை முதலில் கண்டு, அங்கேயோ பொறையாற்றிலோ இரவு தங்கி, மறுநாள் விடியலில்தான் கடலுக்குச் செல்லவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஊரின் நுழைவாயிலாகச் சுண்ணச் சாந்து பூசிய ஒரு பழைய வாயில் இருக்கிறது. முன்னிருந்த வாயிலுக்குப் பதிலாக 1792இல் தேனியர் எழுப்பியது. அவர்கள் அரசரின் முத்திரை மேலே தெரியும். ஒரு காலத்தில் இவ்வூரைச் சுற்றி மதில் இருந்தது என்பதற்கு இவ்வாயிலே பெருஞ்சான்று. இதன் வழியே நடந்தே செல்லுங்கள். உள்ளே நேராகக் கடலை நோக்கிச் செல்வது அரசர் தெரு. நெடுந்தெருவன்று, நிதானமாக நடந்தாலும் கால் மணி நேரத்திற்குள் கடல் வந்துவிடும். ஆனால் அந்தக் கால் மணி நேரத் தொலைவை ஒரு முழுப் பிற்பகலாக நீட்டிக்கொள்ள வேண்டும்.

அத்தெருவில் 1701இல் எழுந்த சீயோன் ஆலயம் இருக்கிறது. சற்றுத் தள்ளி 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம் இருக்கிறது. இரண்டாவது ஆலயத்தைக் கட்டுவித்த பர்த்தலோமேயு சீகன்பால்கு அங்கேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். செர்மானியரான அவர் 1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இக்கரையில் இறங்கினார்; 1719இல் நாற்பது வயதைக் காணாமலே மறைந்தார். அவர் வந்தது சமயப் பணிக்காக. நாம் அங்கே காணவேண்டுவது அவர் தமிழ் எழுத்துக்குச் செய்த பணியை.

அவர் தமிழ் கற்ற முறை கேட்கத்தக்கது. பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, விரலால் மணலில் எழுதியே அரிச்சுவடி பயின்றார். இரண்டே ஆண்டுகளில், 1708இல், தாம் தேடித் தொகுத்த தமிழ் நூல்களுக்கு ஒரு விரிவான பட்டியல் எழுதினார். 119 தமிழ் நூல்களைப் பற்றிய குறிப்புகள் அதில் உள்ளன. திருக்குறளும் அவற்றுள் ஒன்று. ஒவ்வொரு நூலும் எதைப் பற்றியது என்று அவர் எழுதிச் செல்கிறார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றைத் தம் தாய்மொழியில் பெயர்த்தார். அவரிடம் இருந்த ஏடுகள் பல பிற்காலத்தில் சிதறிப்போயின. பட்டியல் மட்டும் எஞ்சியது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதித் தமிழர் என்னென்ன நூல்களைக் கையில் வைத்திருந்தார்கள் என்பதை நாம் இன்று அறிவதற்கு அந்தப் பட்டியல் ஓர் அரிய வாயில். தமிழர் வீட்டுப் பரண்களில் கிடந்தவற்றின் பெயரை எழுதிவைக்க எங்கிருந்தோ ஒருவர் வரவேண்டியிருந்தது என்பதைச் சிறிது நாணத்தோடு எண்ணிக்கொண்டேதான் நாம் அத்தெருவைக் கடக்கவேண்டும்.

அடுத்து, அச்சு. தமிழில் முதல் அச்சு நூல் தரங்கம்பாடியில் வந்ததன்று. அப்பெருமை 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்க’த்திற்கு உரியது. ஆனால் நெடுநாள் நின்றுபோயிருந்த தமிழ் அச்சு மறுபடி உயிர்பெற்ற இடம் இது. செர்மனியில் ஆலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் இங்கே வந்து சேர்ந்தன. அவ்வெழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்ததால் தாள் நிறையச் செலவாயிற்று. எனவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். வெளிநாட்டிலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயப் பெட்டிகளை உருக்கி எழுத்து வார்த்தார்கள் என்று அச்சு வரலாற்றில் சொல்லப்படுகிறது. அந்த எழுத்துகளைக்கொண்டு 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது. தாளுக்கும் தட்டுப்பாடு வந்தது. பொறையாற்றை அடுத்து ஒரு காகிதப் பட்டறை அமைத்தார்கள். பட்டறை மறைந்துவிட்டது. அந்த இடத்திற்குக் கடுதாசிப்பட்டறை என்னும் பெயர் மட்டும் இன்றும் வழங்குகிறது. போகும் வழியில் அப்பெயரைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். நம் வட்டம் மலர் வெளியிடுவதற்குத் தாள் விலையை எண்ணிக் கவலைப்பட்ட நாள்கள் உண்டு. அந்தக் கவலைக்கு இக்கரையில் முந்நூறு ஆண்டு வயது.

சீகன்பால்கு வாழ்ந்த வீடு செப்பனிடப்பெற்று 2017 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. அங்கும் சற்று நேரம் செலவிடலாம். பழைய வீடுகள் சிலவற்றைப் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புகள் மீட்டுப் புதுப்பித்திருக்கின்றன. தெருவை ஒட்டிய தூண் முகப்புகளையும், சாய்ந்த ஓட்டுக் கூரையையும், மரச் சட்டங்கள் பொருத்திய சன்னல்களையும் உற்றுப் பாருங்கள். ஐரோப்பிய வடிவம் நம் வெயிலுக்கும் மழைக்கும் எப்படி வளைந்து கொடுத்தது என்பது விளங்கும். வளைந்து கொடுத்தவர்கள் பெயர் தெரியாத நம் கொத்தர்களும் தச்சர்களும்.

‘மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாகப் பணியாற்றிய ஊர்களுள் தரங்கம்பாடியும் ஒன்று’ என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். தமிழின் முதல் நாவலைப் பின்னாளில் எழுதியவர் இத்தெருக்களில் வழக்குகளைக் கேட்டிருக்கிறார் என்னும் எண்ணமே எழுதுவோர்க்கு ஓர் ஊக்கம்.

தெரு முடியும் இடத்தில் கடலை நோக்கி நிற்கிறது டேன்சுபோர்க் கோட்டை. தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்பேரில் தேனியர் எழுப்பியது. நாயக்கர் தேனிய மன்னர் நான்காம் கிறித்தியானுக்கு விடுத்த பொன்னேட்டு மடல் இன்றும் கோபன்கேகனில் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மிளகையும் துணியையும் நாடி வந்தவர்கள் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் இருந்தார்கள். 1845இல் இந்தியாவில் தமக்கு இருந்த இடங்களை ஆங்கிலேயரிடம் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஓர் ஊரை, அதில் வாழ்ந்த மக்களோடு சேர்த்து, ஒரு தொகைக்கு விற்கலாம் என்னும் செய்தி அக்கோட்டைச் சுவரில் எழுதப்படாமல் எழுதப்பட்டிருக்கிறது. சீகன்பால்குவையே கோட்டைத் தளபதி 1708ஆம் ஆண்டு இறுதியில் இங்கே சிறையிட்டு, நான்கு மாதம் வைத்திருந்தார். ஆள வந்தவர்க்கும் எழுத வந்தவர்க்கும் ஒரே நாட்டுக் கப்பலில் வந்தாலும் ஒத்துப்போவதில்லை.

இக்கோட்டை பின்னர்ப் பயணியர் தங்கும் விடுதியாக இருந்தது. 1978இல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை ஏற்று, அருங்காட்சியகம் அமைத்தது. வாளும் பீங்கானும் சுதை உருவங்களும் அங்கே உள்ளன. விற்றபின் வணிகம் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. இரயிலும் அங்கே வந்தது. தரங்கம்பாடி ஒதுங்கிவிட்டது. ஒதுங்கியதால்தான் பழைய தெருக்கள் இடிபடாமல் தப்பின என்பதையும் சொல்லவேண்டும். வளர்ந்த துறைமுகங்களில் இத்தகைய தெருக்களை நாம் தேடிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

கோட்டையிலிருந்து சிறிது வடக்கே, கடலை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில் நிற்கிறது. 1306ஆம் ஆண்டளவில் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் எழுந்தது. ஊரில் யாவற்றினும் மூத்தது இதுவே. இதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. நெடுங்காலம் கருவறையும் பின்பகுதியுமே எஞ்சி, அலை அடிவாரத்தைத் தொட்டுக்கொண்டிருக்க நின்றது. கரையில் பாறைகளைக் கொட்டி அரண் செய்தார்கள். பின்னர்த் திருப்பணியும் நடந்தது. கடல்கோள் என்று நாம் காப்பியங்களில் படிப்பது ஒரே நாளில் நிகழ்ந்த பேரழிவைத்தான். அதற்கு இன்னொரு வடிவமும் உண்டு என்பதை இக்கோயில் காட்டுகிறது. ஆண்டுக்கு ஒரு முழம், பத்தாண்டுக்கு ஒரு படி என்று கணக்கெழுதாமல் கடல் எடுத்துக்கொண்டே போகும். ஒருநாள் மண்டபம் இல்லை என்பதை மக்கள் அறிகிறார்கள்.

இதுகாறும் சொன்னவற்றை மாலைக்குள் காணலாம். இருட்டியபின் கரையில் நிற்க வேண்டாம். உறங்கி, விடியுமுன் எழுந்து, மீனவர் தெருவின் பக்கமாகக் கரைக்குச் செல்வோம்.

அப்போது படகுகள் திரும்பும் நேரம். கட்டுமரங்கள் அருகிவிட்டன, கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி. பெண்கள் கூடையோடு காத்திருப்பார்கள். ஏலம் நடக்கும். விலை சொல்லும் வேகத்தில் ஒரு சந்தம் உண்டு. யாப்பு கற்றவர் காதுக்கு அது தெரியும். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஆதலால் அந்நாள்களில் இக்காட்சி குறையும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும். தை, மாசித் திங்கள்கள் நம் பயணத்திற்கு ஏற்றவை.

முன்னொருமுறை அக்கரையில் வலை உதறிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், “ஐயா, அலை பாடும் ஊர் என்கிறார்களே, உங்களுக்கு அப்படித் தோன்றுவதுண்டா?” என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பாட்டெல்லாம் ஏது தம்பி? ராத்திரி படுத்துக்கிட்டே அந்தச் சத்தத்தைக் கேப்போம். தண்ணி எந்தப் பக்கம் இழுக்குதுன்னு அதுலேயே தெரிஞ்சுபோவும். அதை வெச்சுத்தான் போறதா வேண்டாமான்னு பாக்கறது” என்றார். சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பிவிட்டார்.

நம் காதுக்கு இசையாக வரும் ஒலி அவர் காதுக்குச் செய்தியாக வருகிறது. அந்தச் செய்தியைப் படிக்க அவர்களிடம் ஒரு மொழி இருக்கிறது. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான், தெற்கிலிருந்து வருவது சோழகம். நீரின் ஓட்டத்துக்கு நீவாடு என்று பெயர். வாடையும் கொண்டலும் நம் இலக்கியத்திலும் உள்ள சொற்கள். நம் பாட்டில் வாடை எப்போதும் பிரிந்தவரை வருத்தும் காற்றாகவே வீசுகிறது. அவர்கள் பேச்சில் அது இன்றைக்கு அடுப்பு எரியுமா என்பதைத் தீர்மானிக்கும் காற்றாக வீசுகிறது. இரண்டும் ஒரே சொல். ஒரு பாதியை மட்டும் நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இனிச் சொல்லவேண்டுவது ஒன்று உண்டு. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் காலையில் ஆழிப்பேரலை இக்கரையில் ஏறியது. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். தரங்கம்பாடியில் பெரிதும் அடிபட்டது மீனவர் குடியிருப்பு. குழந்தைகளையும் பெண்களையும் கடல் மிகுதியாகக் கொண்டுபோயிற்று. பிறகு பலருக்கு வீடுகள் கடலை விட்டுத் தள்ளிக் கட்டித் தரப்பட்டன. ஆனால் படகு கரையில்தான் நிற்கவேண்டும். வலை கரையில்தான் உலரவேண்டும். ஆகவே உறங்குவது ஓரிடம், பிழைப்பது ஓரிடம் என்று வாழ்க்கை இரண்டானது.

கவிஞர்களே, இவ்வூருக்குப் போய் ‘அலைகள் பாடுகின்றன’ என்று எழுதுவதற்குமுன் நாம் எண்ணிப் பார்க்கவேண்டியது இதுதான். அந்த அலைக்குப் பிள்ளையைக் கொடுத்த தாய் அந்தத் தெருவில் இருக்கிறாள். நம் பாட்டை அவள் முன்னிலையில் படிக்க நமக்கு வாய் வருமா? இந்த ஒரு கேள்வியை அளவுகோலாக வைத்தால், நெய்தல் என்ற பெயரில் நாம் எழுதிக் குவித்தவற்றுள் எத்தனை எஞ்சும் என்று எனக்கு அச்சமாக இருக்கிறது.

கடலைப் பழித்து எழுதவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த மக்களே கடலைப் பழிப்பதில்லை; அது அவர்களுக்குத் தாய். அழுத சில திங்களில் மறுபடி அதே கடலில் படகை இறக்கினார்கள். நெய்தல் திணைக்கு நம் முன்னோர் வகுத்த உரிப்பொருள் இரங்கல். அதைத் தலைவனைப் பிரிந்த தலைவியின் புலம்பலாக மட்டும் நாம் சுருக்கிக்கொண்டோம். ஐங்குறுநூற்றில் நெய்தல் நூறு பாடிய அம்மூவனார் இன்று வந்தால், மீண்டும் கடலுக்குப் போகும் கணவனைத் தடுக்கவும் முடியாமல் அனுப்பவும் முடியாமல் கரையில் நிற்கும் அந்தப் பெண்ணையே தம் தலைவியாகக் கொள்வார் என்று நம்புகிறேன். திணை மாறவில்லை. நாம்தாம் அதன் ஆழத்திலிருந்து கரையேறிவிட்டோம்.

ஆகவே, பயணத்தில் காண்பனவற்றைச் சொன்ன நான், செய்வனவாக மூன்றை மட்டும் உங்கள்முன் வைக்கிறேன்.

ஒன்று: ஒவ்வோர் உறுப்பினரும் அம்மக்கள் நாவில் வழங்கும் சொற்களில் பத்தையாவது கேட்டு எழுதிவரவேண்டும். காற்றின் பெயர், வலையின் பெயர், மீனின் பெயர், படகின் உறுப்பின் பெயர் என எதுவாயினும் ஆகலாம். கேட்டபடியே எழுதவேண்டும், நாம் திருத்தக்கூடாது. சொன்னவர் ஒப்பினால் அவர் பெயரையும் சேர்த்து வட்டத்தின் ஏட்டில் பதியவேண்டும். வெளிநாட்டார் ஒருவர் வந்து ஏட்டின் பெயர்களை எழுதிவைத்த ஊரில், நாட்டின் மக்களாகிய நாம் இதைக்கூடச் செய்யவில்லை என்ற பேச்சு வேண்டாம்.

இரண்டு: ஒரு மீனவரிடம் நயந்து கேட்டு, கடலிலிருந்து பார்த்தால் ஊர் எப்படித் தெரியும் என்று அறிந்துவரவேண்டும். கரை திரும்ப அவர்கள் எதை அடையாளமாகக் கொள்கிறார்கள்? கோட்டையையா, கோயிலையா, ஏதேனும் ஒரு மரத்தையா? மாடத்து விளக்கை எண்ணிய பரதவர் கண் இன்னும் அங்கே இருக்கிறது. அதன் வழியே ஊரை ஒருமுறை பார்த்துவிட்டால், நம் பாட்டின் திசையே மாறும்.

மூன்று: அங்கேயே உட்கார்ந்து எழுதவேண்டாம். திரும்பி வந்து எழுதுவோம். எழுதியதை ஓராண்டு கழித்து மீண்டும் அவ்வூருக்கு எடுத்துச் சென்று, அவர்கள் இசைந்தால் அந்தத் தெருவிலேயே படிப்போம். அவர்கள் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோனால் அதுவும் ஒரு திறனாய்வே. ஒருவர் நின்று, “இது அப்படி இல்லை, இப்படி” என்று திருத்தினால் அதைவிடப் பெரிய பரிசு நம் வட்டத்துக்கு இல்லை.

அருகில் காண்பதற்கு இன்னும் பல உள. அபிராமி பட்டரின் திருக்கடையூர் வழியிலேயே இருக்கிறது. அம்மையார் பிறந்த காரைக்கால் தெற்கே 15 கிலோமீட்டர். வடக்கே பூம்புகார். காலம் வாய்த்தவர்கள் அவற்றையும் காணலாம். ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் கண்டோம் என்று பட்டியல் முடிக்கும் பயணமாக இஃது ஆகிவிடலாகாது. ஒரே தெருவை ஒழுங்காகப் பார்த்தோம் என்பது போதும்.

நம் வட்டத்திற்குப் பத்து வயது நிறைந்துவிட்டது. பத்தாண்டில் நாம் எழுதியவை இம்மலரில் அச்சேறி நிற்கின்றன. கடல் கல்லையே எடுத்துக்கொள்ளும்போது தாள் எம்மாத்திரம் என்று யாரேனும் கேட்கலாம். சடங்கன்பாடி என்னும் பெயரை ஒரு கல் காத்தது. ஏட்டின் பெயர்களை ஒரு பட்டியல் காத்தது. கடுதாசிப்பட்டறையை மக்கள் நாக்கு காத்தது. கல்லும் தாளும் நாக்கும் தம்முள் ஒன்றுக்கொன்று துணை நின்றால் ஏதேனும் எஞ்சும். அத்துணையைச் செய்வதே இலக்கிய வட்டங்களின் வேலை என்று கருதுகிறேன்.

பயண நாளைச் செயற்குழு அறிவிக்கும். வருபவர்கள் பெயரை இன்றே கொடுத்துவிடுங்கள். எழுதுகோலும் வெற்றுத்தாளும் கொண்டுவாருங்கள். எழுதி முடித்த பாட்டு எதையும் கொண்டுவர வேண்டாம்.